விசாலாட்சி எழுதாத மூன்று அத்தியாயங்கள்

செய்தி வந்தபோது நான் தியாகராய நகர் அலுவலகத்தில் தீபாவளி மலரின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் எழுத்தாளர் விசாலாட்சியின் கணவர். "காலம்பர ஆறு மணிக்கு. தூக்கத்துலயே," என்றார். பிறகு, "உங்களுக்கு முதல்ல சொல்லணும்னு தோணித்து," என்றார். ரிசீவரை வைத்துவிட்டு மறுபடியும் அச்சுப்படியை எடுத்துக்கொண்டேன். இரண்டு பக்கம் திருத்தினேன். விட்டுப்போன ஒற்றுகளைக்கூடப் போட்டேன். மூன்றாவது பக்கத்தில் ஒரே வரியை நான்கு தடவை படிப்பது தெரிந்தபிறகுதான் எழுந்து செருப்பை மாட்டினேன்.

பத்து நாள் கழித்து மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். கடைசியாகப் பேசிய பேராசிரியர், விசாலாட்சியின் எழுத்திலேயே உச்சம் என்று 'வடக்கு ஜன்னல்' நாவலிலிருந்து ஒரு பக்கத்தை வாசித்தார். கணவன் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்ட சாந்தா அவனுக்குக் காப்பி கலக்கிறாள். சர்க்கரை போடும்போது பாதி தரையில் சிந்துகிறது. அதை அவன் பார்ப்பதற்குள் காலால் தேய்த்துவிடுகிறாள். வாசித்து முடித்தபோது என் பக்கத்தில் இருந்த பெண்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன் வரிசையில் இருந்த விசாலாட்சியின் கணவர் திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தப் பக்கத்தை எழுதியவன் நான். அந்த நாவலின் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது ஆகிய மூன்று அத்தியாயங்களும் நான் எழுதியவை. இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும்.

அறுபத்தெட்டில் நான் விசாலாட்சியின் தொடர்கள் வந்துகொண்டிருந்த வார இதழில் உதவியாசிரியன். எனக்கு முப்பது வயது. அவருக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூடுதல் இருக்கும். கிழக்கு மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் மாடிக் குடித்தனம். பகல் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தபின் ஒரு மணி முதல் மூன்று மணி வரை, தையல் மெஷினின் மேல்பலகையை மூடி அதன்மேல் தாளை வைத்து எழுதுவார். செவ்வாய்க்கிழமைதோறும் நான் போய் அத்தியாயத்தை வாங்கி வருவேன். அவருடைய கையெழுத்து எறும்பு ஊர்வது போல இருக்கும். அச்சுக்கோப்பவர்கள் திட்டுவார்கள் என்பதால் நானே உட்கார்ந்து படியெடுத்துக் கொடுப்பேன். இரண்டு ஆண்டுகள் அப்படி எழுதியெழுதி, அவருடைய வாக்கியம் எங்கே மூச்சு வாங்கும் என்பது என் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

எழுத்தைப் பற்றி அலங்காரமாகப் பேசுவது அவருக்குப் பிடிக்காது. ஒரு கல்லூரி விழாவில் ஒரு மாணவி, "உங்களுக்குக் கற்பனை எப்படி வருகிறது?" என்று கேட்டாள். "பால்காரர் வர மாதிரிதான். நாம பாத்திரத்தோட வாசல்ல நிக்கணும். சில நாள் வரமாட்டார். அதுக்காக மறுநாள் பாத்திரத்தைத் தேய்க்காம இருக்க முடியுமோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஆண்டு, பால்காரர் வராத நாட்கள் தொடர்ந்து வந்தபோது அவர் பட்ட பாட்டை நான் ஒருவன்தான் அருகிலிருந்து பார்த்தேன்.

'வடக்கு ஜன்னல்' கைநீட்டுகிற ஒரு கணவனோடு ஒன்பது வருடம் குடித்தனம் செய்த சாந்தாவின் கதை. பதினாறாவது வாரம் ஒரு நண்பகலில் அவள் தகரப் பெட்டியோடு வாசற்படியில் வந்து நிற்பதோடு அத்தியாயம் முடிந்தது. அந்த வாரம் மூட்டை மூட்டையாகக் கடிதங்கள். அவற்றில் ஒன்று கோடு போட்ட நோட்டுத் தாளில் பென்சிலால் எழுதியது. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து புஷ்பா என்ற பெண் எழுதியிருந்தாள். "நானும் சாந்தா மாதிரிதான். அவள் பெட்டியை எடுத்த அன்று நானும் எடுத்தேன். இப்போது என் அம்மா வீட்டில் இருக்கிறேன். குழந்தை இருக்கிறது. சாந்தா அடுத்து என்ன செய்வாள் என்று வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கிறேன்." ஆசிரியர் மேசைக்குப் போகாமல் அதை நான் நேரே மயிலாப்பூருக்கு எடுத்துப்போனேன். விசாலாட்சி சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தையல் மெஷின் மேல் இருந்த தாளில் 'சாந்தா' என்ற ஒரே சொல் இருந்தது. அதுவும் அடிக்கப்பட்டிருந்தது.

"வரலை, சண்முகம்," என்றார். "பேனாவை மாத்திப் பாத்தேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உக்காந்து பாத்தேன். கோயில் குளத்தை மூணு சுத்து சுத்திட்டு வந்தேன். இவர் என்னடான்னா எண்ணெய் தேச்சுக் குளிங்கறார். அதுவும் ஆச்சு."

"முதல்லேர்ந்து ஒரு தடவ படிச்சுப் பாருங்களேம்மா."

"படிச்சேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. சாந்தா வாசப்படியில நிக்கறா. நான் தள்ளினா தெருவுல இறங்குவா. ஆனா அவ இறங்கினா அந்தப் பொண்ணும் இறங்குவாளே. கையில குழந்தையோட. அவ எங்க போவான்னு எனக்குத் தெரியுமா?"

"அது ஒரு லெட்டர்தானம்மா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு எழுத்து வராம இல்லை. பயம் வந்து அந்த நாற்காலியில உக்காந்துண்டிருக்கு. அது எழுந்தாத்தான் நான் உக்கார முடியும்."

அலுவலகத்துக்கு வெறுங்கையோடு திரும்பினேன். ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். "பக்கத்தை வெள்ளையா விட முடியாது. ரெண்டு வருஷமா அவங்க கையெழுத்தை நீதானே படியெடுக்கிற? எழுது," என்றார். நான் தயங்கினேன். "பொண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பிடு. ஜனங்க நிம்மதியாப் படிச்சிட்டுப் படுக்கட்டும். அவங்க கிட்ட நான் சொல்லிக்கறேன்." அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இதில் எனக்கு வெட்கமான பகுதி ஒன்று இருக்கிறது. நான் கட்டாயத்தால் மட்டும் எழுதவில்லை. என் பெயரில் அதுவரை நான்கு கதைகள் வந்திருந்தன. ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் என்னை வாட்டியெடுத்தது. அன்று மதியம் அவர் பெயரில் உட்கார்ந்தபோது, ஒரு வரிகூட அடிக்காமல் பத்துப் பக்கம் வந்தது. எழுதும்போது எனக்குச் சிந்தாதிரிப்பேட்டைப் பெண்ணின் நினைவே வரவில்லை. காப்பியும் சர்க்கரையும் வந்த இடத்தில் எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டேன். அவ்வளவு பெருமையாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை விசாலாட்சி இதழைக் குளத்துப் பேருந்து நிறுத்தத்துக் கடையில் வாங்கிப் படித்துவிட்டு நேரே அலுவலகத்துக்கு வந்தார். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். சண்டை போடுவார் என்று காத்திருந்தேன்.

"நன்னா இருக்கு," என்றார். "அந்தச் சர்க்கரை எனக்குத் தோணியிருக்காது."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் அதைக் கேட்கவில்லை. "அந்தப் பொண்ணு லெட்டர் வந்துதா?" என்றார். இல்லை என்றேன். எழுந்து போய்விட்டார். அடுத்த செவ்வாயும் தாள் வெறுமையாகவே இருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. நான் இன்னும் இரண்டு அத்தியாயங்கள் எழுதினேன். சாந்தாவைக் கணவன் காலடியில் அழவைத்தேன். மாமியாரிடம் மன்னிப்புக் கேட்க வைத்தேன். பாராட்டுக் கடிதங்கள் இரட்டிப்பாயின.

மூன்றாம் வாரம் பென்சில் எழுத்தில் கடிதம் வந்தது. "நானும் திரும்பி வந்துவிட்டேன், சாந்தா போன மாதிரியே. இனிமேல் எழுத நேரம் இருக்காது." இரண்டே வரி, விலாசமும் இல்லை. கடிதத்தை என் மேசை இழுப்பறையில் நான்கு நாட்கள் ஒளித்து வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட முடியாமல், மயிலாப்பூருக்குப் போய் அவரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார்.

"கூட வரேளா? எனக்கு அந்தப் பக்கம் வழி தெரியாது."

சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையை ஒட்டிய தெருவில் வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. புஷ்பாவின் தாய் வாசலில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பித்தான் துளை தைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஊசியை நிறுத்தினாள்.

"இன்னா சார், எந்த ஆபீசு?"

புஷ்பாவைப் பார்க்க வந்ததாக விசாலாட்சி சொன்னார்.

"அது பூட்சிம்மா. பத்து நாளாவுது. அடையாத்துல புருசன் ஊட்லதான் கீது. இன்னாத்துக்குத் தேடறீங்க? புக்கு இன்னா திருப்பித் தரலியா? எப்பப் பாரு அந்தப் புக்கையே படிச்சிக்கினு கெடக்கும்."

வழி கேட்டுக்கொண்டு மறுபடி பேருந்து ஏறினோம். கம்பியைப் பிடித்திருந்த விசாலாட்சியின் விரல்கள் வெளுத்திருந்தன.

அடையாற்றில் பிரதான சாலைக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டு வரிசை. குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. கடைசிக் குடத்தின் பக்கத்தில், இடுப்பில் குழந்தையோடு நின்றவள்தான் புஷ்பா. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். இடது முன்கையில் ஈரத்துணி சுற்றியிருந்தாள். விசாலாட்சி பெயரைச் சொன்னதும் அவள் முதலில் நம்பவில்லை. பிறகு குடத்தைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, எங்களை வேப்பமர நிழலுக்குக் கூட்டிப்போனாள். வீட்டுக்குள் அழைக்கவில்லை.

"நான் எழுதினதைப் படிச்சுட்டா நீ திரும்பி வந்தே?" என்று விசாலாட்சி கேட்டார்.

புஷ்பா அவரை வியப்பாகப் பார்த்தாள். "கதையைப் படிச்சிட்டு யாராவது ஊட்டுக்குப் போவாங்களாம்மா? கொயந்தைக்கு ஜுரம். அங்க எங்க அண்ணி ஒரு வேளை சோத்துக்கு நூறு பேச்சு பேசும். அத்தொட்டுதான் வந்தேன். கதை ஒரு தொணைக்கு இருந்துச்சு, அவ்ளோதான்."

"லெட்டர்ல அப்படி எழுதியிருந்தியே."

"அப்டி எழுதினா நல்லா இருக்கும்னு எழுதினேன்." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். பிறகு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "ஒண்ணு கேக்கட்டா? கோச்சிக்காதீங்க. கடைசி மூணு வாரம் நீங்க எழுதலதானே?" என்றாள்.

நான் அவர்களுக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.

"ஏன் அப்படிக் கேக்கறே?"

"சாந்தா எங்க போனாலும் முதல்ல சுத்திப் பாக்கும். அவன் செருப்பு வாசல்ல கீதா, அவன் மூஞ்சி எப்டி கீது, எந்தக் கதவு தொறந்து கீது, எல்லாத்தையும் பாத்துக்கினுதான் கால வைக்கும். நானும் அப்டித்தான். இந்த மூணு வாரமா அது எதையும் பாக்கவே இல்ல. சும்மா அழுதுக்கினே கீது. அடி வாங்கினவ அப்டி அழுதுக்கினு நிக்க மாட்டாம்மா."

விசாலாட்சி என் பக்கம் திரும்பவில்லை. "உடம்பு சரியில்லை. அதான் அப்படி ஆயிடுத்து," என்றார்.

"இனிமே சாந்தா இன்னா பண்ணும்?"

"தெரியலை, புஷ்பா. அது தெரியாமத்தான் என்னால எழுத முடியலை."

"தெரியாமயே எழுதுங்க. எனக்கு மட்டும் தெரிஞ்சா கீது?"

துணி சுற்றிய கையை விசாலாட்சி பார்ப்பதைக் கண்டதும் அவள் அதைக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "ஸ்டவ்வுல பட்டுச்சு," என்றாள். நாங்கள் கேட்கவில்லை. விசாலாட்சி தன் வீட்டு விலாசத்தை ஒரு தாளில் எழுதி, எப்போது வேண்டுமானாலும் வா என்று கொடுத்தார். அவள் அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். குடம் நிரம்பிவிட்டது என்று குழாயடியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

திரும்பும் வழியில் பேருந்தில், "ஒருத்தியோட வாழ்க்கை என் பேனாவுல இருக்குன்னு நினைச்சேனே, எத்தனை திமிர் பாருங்கோ," என்றார். எனக்கு மனம் லேசாயிற்று. கொஞ்ச தூரம் போனபின், "ஆனா அந்தக் கையை மறைச்சாளே, சண்முகம்," என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இருபதாம் அத்தியாயம் தயாராக இருந்தது. வாங்கிக்கொள்ளும்போது, என் மூன்று அத்தியாயங்களையும் சாந்தா கண்ட கனவு என்று சொல்லி நீக்கிவிடலாமே என்றேன். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"கனவா? அவ திரும்பிப் போனது போனதுதான். லட்சம் பேர் பாத்திருக்கா. நீங்க கொண்டுபோய் விட்ட இடத்துலேர்ந்துதான் இனிமே அவ நடந்தாகணும்."

அப்படியே நடந்தாள். கணவன் காலடியில் நான் விட்டுவந்த பெண், எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்த வீட்டின் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள். பதினோரு வாரம் விசாலாட்சி எழுதினார். எந்த வாரமும் அடுத்த வாரம் என்ன என்பது அவருக்குத் தெரியாது. "பயம் நாற்காலியிலதான் இருக்கு. நான் தரையில உக்காந்து எழுதறேன்," என்றார் ஒருநாள். நிஜமாகவே தரையில் பாய் போட்டு, பலகையை மடியில் வைத்துத்தான் எழுதினார். சாந்தா இரண்டாம் முறை வெளியேறி எங்கே போனாள் என்பதைச் சொல்லாமலே நாவல் முடிந்தது. ஆசிரியர் கடைசிவரை அதை மன்னிக்கவில்லை.

புஷ்பா மயிலாப்பூர் வீட்டுக்கு வரவே இல்லை. தொடர் முடிந்த மாதம் விசாலாட்சி மறுபடி அடையாற்றுக்குப் போனார். அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். ஊரூர் குப்பத்துப் பக்கம் குடிபோனதாக ஒருத்தி சொன்னாள், பெரம்பூர் என்றாள் இன்னொருத்தி. சிந்தாதிரிப்பேட்டையில் தாயும் வீடு மாறியிருந்தாள். குப்பத்தில் வீடு வீடாகக் கேட்டுவிட்டு வந்தார். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு தொடருக்கும் கடிதக்கட்டை அவிழ்த்ததும், பென்சிலால் எழுதியது ஏதாவது இருக்கிறதா என்றுதான் முதலில் புரட்டுவார். இத்தனை ஆண்டுகளில் ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் என்ன ஆனாள் என்பது தெரியாமலே அவர் போய்விட்டார். எனக்கும் தெரியாது.

'வடக்கு ஜன்னல்' புத்தகமாக வந்தபோது, அந்த மூன்று அத்தியாயங்கள் யாருடையவை என்று முன்னுரையில் எழுத விரும்பினார். நான்தான் வேண்டாம் என்று கெஞ்சினேன். வேலை போய்விடும் என்று காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் வேப்பமரத்தடியில் புஷ்பா சொன்னது. "சரி. நீங்களா சொல்றபோது சொல்லிக்கோங்கோ," என்று விட்டுவிட்டார்.

அதற்குப் பின் நான் கதை எழுதவில்லை. எழுத முயன்றேன். உட்கார்ந்தால் வாக்கியங்கள் வழுக்கிக்கொண்டு வரும், எல்லாம் அவருடைய மூச்சில். புஷ்பா படித்தால் இது யாருடையது என்பாள் என்று தோன்றும். கிழித்துவிடுவேன். பிறகு உட்காருவதையே விட்டேன். உதவியாசிரியன் ஆசிரியனானேன். பிறர் எழுத்தைத் திருத்துவதில் நாட்கள் ஓடின. என்னை அறிந்தவர்கள் நான் ஒருகாலத்தில் கதை எழுதியவன் என்பதையே மறந்துவிட்டார்கள். விசாலாட்சி மறக்கவில்லை. எப்போது போனாலும், காப்பி டம்ளரைக் கையில் கொடுக்கும்போதே, "உங்களோடது என்ன ஆச்சு?" என்பார். "இல்லம்மா," என்பேன். அடுத்த முறையும் கேட்பார். ஒன்பது ஆண்டுகள் கேட்டார்.

கடைசியாகப் பார்த்தது ஆடி மாதத்தில். பேனா பிடிக்க முடியாமல் கை வீங்கியிருந்தது. பாதியில் நின்ற ஒரு கதை அவர் மனத்தில் இருந்தது. "நீங்க சொல்லுங்கம்மா, நான் எழுதிக்கறேன். உங்க நடை எனக்குத் தெரியும்," என்றேன். சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்பது புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் சிரித்தார். "வேண்டாம், சண்முகம். இது இப்படியே நிக்கட்டும். உங்க கை உங்களுக்கு வேணும்," என்றார்.

அவர் எழுதிய பேனாவையோ தையல் மெஷின் பலகையையோ நான் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அவர் ஓயாமல் கேட்ட அந்த ஒரு கேள்விதான். இனி அதைக் கேட்க யாரும் இல்லாததால் காலையில் எழுந்ததும் நானே கேட்டுக்கொள்கிறேன். நேற்று ஒரு கதையின் முதல் பக்கத்தை எழுதினேன். நன்றாக வரவில்லை. கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.